பவளராணி டீச்சர் கேட்ட ஒரே கேள்வி

ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றை, வலது கையை மட்டக்களப்பு வாவித் தண்ணீரில் வைத்துச் சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்.

போன கிழமை செங்கலடிச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றபோது மருமகன் தொலைபேசியில் அழைத்து, பவளராணி டீச்சர் காலமாகிவிட்டார் என்றான். "உத்தியோகபூர்வமான செய்தியோடா?" என்று கேட்டுவிட்டேன். "ஓம் மாமா" என்றான்.

என்னோடும் டீச்சரோடும் விஞ்ஞானம் படிப்பித்தவர்களுக்கு இந்தக் கேள்வி யாருடையது என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வாவி இறாலைப் பற்றிக் கலாநிதிப் பட்டம் எடுக்கவேண்டும் என்பதே டீச்சருடைய ஆசை. அதற்கு முதல் ஒரு முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ் பட்டம், வேண்டும். ஸ்பெயினிலிருந்து அனுமதி வந்த அன்று எங்கள் புளியந்தீவே அதிர்ந்தது. கோட்டைச் சுவரில் இரண்டு கல் பெயர்ந்ததை என் கண்ணால் கண்டேன். வருடத்துக்கு அறுபது கிரெடிட் என்றார். ஆசிரியர் அறையில் எல்லாரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தோம். கிரெடிட் என்றால் நமக்குச் சாதாரண தரப் பரீட்சையில் எடுக்கும் 'சீ' அல்லவா? "அறுபதும் சீயா புள்ள? ஒரு ஏ கூட இல்லையா?" என்று துக்கம் விசாரித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் ஓடியது. அது பெறுபேறு அல்ல, உழைப்பின் அளவு என்று விளக்கினார். வகுப்பில் இருப்பதும் வீட்டில் வாசிப்பதும் அதற்குள் சேருமாம். புத்தகத்தை முகத்தில் மூடிக்கொண்டு தூங்குவதும் சேருமா என்று கேட்டேன். "அப்படியெண்டா நீங்க எப்பவோ பேராசிரியர் சேர்" என்றார்.

ஆனால் அங்கே முதுமாணியில் இரண்டு வகை. அரசு ஏற்ற உத்தியோகபூர்வப் படிப்பு ஒன்று, பல்கலைக்கழகம் தானே தன் பெயரில் வழங்குவது மற்றது. கலாநிதிக்குப் போகும் கதவு முதலாவதற்குத்தான் திறக்கும். இது உத்தியோகபூர்வமானதோ என்று எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பதிலில் அவர்களுடைய தோட்டம், வெயில், பழம்பெருமை எல்லாம் இருந்தன. ஓம் என்ற சொல் மட்டும் இல்லை. அனுமதியை வேண்டாமென்று விட்டார்.

ஊரே ஏசியது. கரடியனாற்று மாடுகள் அன்று பால் சுரக்கவில்லை. ஐரோப்பாவே கூப்பிடும்போது போய் ஒரு பட்டத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

"சுவரில மாட்டவா சேர்? எனக்கு அங்கால போவணும்" என்றார். அந்தப் பட்டத்தையும் தாண்டி, கலாநிதிக்கு.

அடுத்த வருடம் உத்தியோகபூர்வமான படிப்பே கிடைத்தது. ஆய்வேட்டைச் சபை முன்னால் வாதாடிய அன்று, இறால் படும் பாட்டைக் கேட்டு மூன்று பேராசிரியர்கள் தேம்பி அழுதார்கள். நான்காமவர் மட்டக்களப்புக்கு எங்கே பஸ் ஏறுவது என்று கேட்டார். பிறகு கலாநிதிக் கதவும் திறந்தது. முடித்து வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறை வாசலில் நின்று, "அங்கால போயிட்டு வந்திட்டன் சேர்" என்றார்.

கோட்டைக் கல், மாட்டுப் பால், அழுத பேராசிரியர்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. அந்தக் கேள்வியும், ஓம் என்று வராத இடத்திலிருந்து அவர் திரும்பி நடந்ததும், பிறகு அங்கால போய் வந்ததும் உண்மை. கேள்வியை நான் வைத்துக்கொண்டேன்; வரும் செய்தி எதற்கும் அதையே கேட்பேன். சந்தையில் வைத்து மருமகனிடம் கேட்டபோது, ஓம் என்றுதான் பதில் வந்தது.