மிஸ்ஸிக்குக் கொடுக்காத இரண்டாவது தாள்

நான் நீட்டிய தாளின் மூலையில் தாள்களைச் சேர்த்துக் குத்திய ஊசியைக் கழற்றிய இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. மிஸ்ஸி அதை விரலால் தடவிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலம் தாதியாக இருந்தவர்; அதனால்தான் எல்லோருக்கும் மிஸ்ஸி. ஒரு காய்ச்சல் மாத்திரையைக்கூட எதற்கென்று சொல்லாமல் யாருக்கும் கொடுக்கமாட்டார். ஓய்வுபெற்றதும் தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸை விட வேண்டும் என்பதால் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாப் பக்கம் ஒரு துண்டுக் காணி பார்த்து வைத்திருந்தார். வேலை முடிந்து கைக்கு வந்த சேமலாப நிதிப் பணம் கொஞ்சம் கூடினால் வீட்டோடு கிணறும் வெட்டலாம் என்று எங்களிடம் வந்தார்.

மாத்தளையில் அப்போது நான் வேலை செய்தது ஒரு பங்குத் தரகு அலுவலகம். பங்கு விலையைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை வாங்கி, "காரணத்தோடு கணிக்கிறோம்" என்று வாசலில் போர்டும் மாட்டியிருந்தார்கள். அது பொய்யில்லை. முதல் தாளில் கணிப்பு வரும். எதை வைத்துக் கணித்தது என்பது இரண்டாவது தாளில் பட்டை பட்டையாக வரும்; காரணம் எவ்வளவு பெரிதோ பட்டை அவ்வளவு நீளம். மிஸ்ஸி கேட்ட பங்குக்கு ஒரே ஒரு பட்டைதான் நீளம்: கடந்த சில நாள் விலை. கம்பனியின் இலாபமும் கடனும் கண்ணுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் ஏறியது, ஆகவே இனியும் ஏறும். அந்த மகா மூளை கண்டுபிடித்தது இவ்வளவுதான்!

மனேஜர் ஊசியைக் கழற்றி, இரண்டாவது தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். "இதக் காட்டினா யாரு வாங்குவாங்க? ஏறும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏன் ஏறும்னு சொல்லுதா மகள்?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"அது கம்பியூட்டருக்குத்தான் தெரியும் மிஸ்ஸி" என்றேன். வெட்கங்கெட்டவள் நான். அவர் கையெழுத்துப் போட்டார்.

கம்பனியின் கடன் விவரம் வெளியே வந்ததும் விலை சரிந்தது. காணியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். "சந்தைன்னா அப்படித்தாங்க" என்று மனேஜர் மிஸ்ஸிக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மருந்தை மாற்றிக் கொடுத்தால் தாதிக்கு வேலை போகும். மனேஜருக்கோ பதவி உயர்வு கிடைத்தது. அந்தப் போர்டும் இன்றுவரை அங்கேயேதான் தொங்குகிறது.

தேநீரைத் தொடாமல் மிஸ்ஸி என் மேசைக்கு வந்தார்.

"கம்பியூட்டருக்குத் தெரிஞ்சது ஒங்களுக்கும் தெரியுமா மகள்?"

"தெரியும் மிஸ்ஸி."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குடையை எடுத்துக்கொண்டு, "வர்றேங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.