அஞ்சலை அக்காவின் வாய்

மாதக் கூட்டத்துக்காக நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு அஞ்சலை அக்காவுக்காகக் காத்திருந்தோம். இந்த மாத நாவலை அவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். வாட்ச்மேன் ஓடிவந்தார். "அஞ்சலைய நெல்லித்தோப்பு பஸ் ஸ்டாப்புல வச்சி குத்திட்டாம்மா, அவ புருஷன். உசுரு போயிட்டுது." எனக்கு அழுகை வரவில்லை. கையில் அகப்பட்டிருந்தால் அவனைக் கடித்துக் குதறியிருப்பேன்.

நம் வாசகர் வட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. தையல் கம்பெனியில் வேலை பார்த்த அக்காவுக்கு இந்த விதிமேல் அப்படியொரு ஆசை. "எங்க ஊட்ல ஒரு பேச்ச முழுசா பேசி முடிச்சதில்லம்மா. பாதியிலயே வாயில ஒண்ணு உழும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், பாவி மனுஷி.

ஒருமுறை, குடிகாரக் கணவனிடம் அடிபட்டே காலம் தள்ளும் ஒருத்தியின் கதையைப் படித்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ராஜாராம் அவளுடைய பொறுமையைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். அவர் முடித்ததுதான் தாமதம், அக்கா புத்தகத்தைப் பிடுங்கி மேஜைமேல் அறைந்தார்.

"அடியையும் வாங்கிக்கினு சோறும் போட்டா அவ தெய்வமா சார்? அப்ப நானும் தெய்வந்தான், பாத்துக்குங்க."

ரவிக்கைக் கையைச் சுருட்டினார். இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்திய சூடு, தோலுரிந்து சீழ் கட்டியிருந்தது. அன்றே அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனோம். புகார் கொடுத்த கையோடு பிள்ளைச்சாவடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அக்காவின் புருஷன் வந்தான். பேசிக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, அதாலேயே முகத்தில் அடித்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. புத்தகத்தை ஆட்டி ஆட்டி, எழுதக் கூசும் வார்த்தைகளில் கத்தினான். நாம் என்ன செய்தோம்? புத்தகம் அவன் கையில் இருந்தது, நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என்ன எழவுப் பழக்கமோ!

அக்காதான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பொஸ்தவத்த புடிச்சிக்கினு நின்னா நீ சொல்றது ஞாயமாயிடுமாடா? வெளிய போடா!" அதற்குப் பிறகுதான் நமக்குச் சொரணை வந்து அவனை வெளியே தள்ளினோம்.

கொஞ்ச நாள் வர வேண்டாம் அக்கா என்று கெஞ்சினேன். "ஊட்டுக்குள்ள பூந்துக்கினா மட்டும் உட்ருவானா? போம்மா" என்றார். மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்தார். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் குத்தினான்.

போன வாரம் அதே வட்டத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். அவனுடைய அண்ணனும் வந்திருந்தார். அக்கா தொடங்கிவைக்க வேண்டியிருந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"செத்தவங்கள குத்தம் சொல்லக் கூடாது. ஆனா என் தம்பியும் எவ்ளோதான் பொறுப்பான்? அந்தப் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி..."

வட்டம் வழக்கம்போல வாய்மூடி இருந்தது. நான் எழுந்துபோய்ப் புத்தகத்தை இழுத்தேன். அவர் விடவில்லை, அட்டை கிழிந்து அவர் கையோடு போயிற்று.

"பொஸ்தவத்த புடிச்சிக்கினு நின்னா நீ சொல்றது ஞாயமாயிடுமாய்யா? வெளிய போ!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. அவர் போகும்வரை நான் உட்காரவில்லை.

அட்டை கிழிந்த அந்த நாவல் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் நான்தான் தொடங்கிவைக்கப் போகிறேன். வாய் ஜாஸ்தி என்றாரே, அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வாயைத்தான்.