போர்ட் பக்கத்துச் சிவப்பு விளக்கு

ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள வரிசை வீடுகளில் கப்பலேறியவர் முரளிதரன் ஒருவரே. சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுக்கான் பிடித்தவர். கப்பலின் முகப்பைப் பார்த்து நின்றால் இடப்புறம் போர்ட், அதற்குச் சிவப்பு விளக்கு. வலப்புறம் ஸ்டார்போர்டு, அதற்குப் பச்சை. ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை திரும்புவதில்லை. வீட்டையும் அவர் அப்படியே வகுத்து வைத்திருந்தார்: தெருக்கதவு முகப்பு, சமையலறை போர்ட். நடுக்கடலிலிருந்து அழைத்து, “போர்ட் பக்கத்துக் குழாய் இன்னும் ஒழுகுதா?” என்று கேட்பார். கொள்ளேகாலில் பிறந்து கடலையே பார்த்திராத மனைவி வடிவுக்கும் அந்தப் பேச்சு பழகிப்போயிற்று.

தை மாதம் விடுப்பில் வந்திருந்தபோது அவருக்கு மூளையில் ரத்தம் உறைந்தது. கைகால்கள் தப்பின. இரண்டு கண்களிலும் பார்வையின் இடப்பாதி போய்விட்டது. போனதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

“ஏனுங்க, ஸ்டார்போர்டு சோத்தை மட்டும் தின்னுபோட்டு எந்திரிக்கறீங்க? போர்ட்ல பொரியல் அப்படியே கெடக்குது.”

“இப்பத்தான நீ வெச்ச?”

வடிவு தட்டைத் திருப்பிவைப்பாள். அவர் மறுபடி உண்பார்.

வியாழக்கிழமை சென்னையில் கண் பரிசோதனை. தேறினால் கப்பல் உண்டு. தவறினால் இனி எந்நாளும் இல்லை. அதற்காகப் பதினைந்து நாட்களாக மதியந்தோறும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பயிற்சி நடந்தது. முரளிதரன் தெருக்கதவை நோக்கி நாற்காலியில் அமர்ந்து, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் கண்ணை நிறுத்துவார். தலை அசையக் கூடாது. வடிவு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச் விளக்குகளில் ஒன்றை, இடப்புறமென்றால் சிவப்பு, வலப்புறமென்றால் பச்சை என, வளையல் குலுங்க நீட்டுவாள்.

“போர்ட், சிவப்பு!” என்று கப்பலில் கட்டளையைத் திருப்பிச் சொல்லும் குரலில் முழங்குவார். “ஆய்த்தா? அடுத்தது போடு.”

ஒருநாள்கூடப் பிசகவில்லை. பார்வை திரும்பிவிட்டதென்று வடிவு அடுத்த வீட்டுப் பூவாத்தாளிடம் சொல்லி அழுதாள்.

செவ்வாயன்று ராகி மாவு பிசையக் கழற்றிய வளையல்களை மாட்டிக்கொள்ள மறந்து வந்து நின்றாள். இடப்புறம் சிவப்பை நீட்டினாள். பதில் இல்லை. வலப்புறம் பச்சையை நீட்டினாள்.

“ஸ்டார்போர்டு, பச்சை!”

மீண்டும் இடப்புறம் சிவப்பு. கடிகார முள்தான் நகர்ந்தது. வடிவு டார்ச்சை இன்னும் முன்னால் நீட்டினாள். அவருடைய இடக்கன்னம் சிவந்து தெரிந்தது.

“பேட்டரி போயிருச்சா?”

“எரியுதுங்க.”

 அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தணிந்த குரலில் சொன்னார்:

“வளையலப் போட்டுக்கிட்டு வா, கண்ணு.”

“சென்னையில யாருங்க வளையல் போட்டுக்கிட்டு நிப்பாங்க?”

அவர் தலையை அசைக்கவில்லை. வடிவு விளக்கை அணைக்காமல் நின்றாள்.