சுகத்துக்கோ, ஆத்துமத்துக்கோ?

கனடாவின் மொன்றியால் நகர நடுவில் இருக்கும் அந்த ஐரிஷ் பப்புக்குள் நுழைந்தால் ஒருவருக்கும் வாய் சும்மா இராது. வாசலிலேயே ஃபிடில் சத்தம், நுரை தள்ளும் கறுப்புப் பியர், தட்டு நிறையப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். முன்பின் தெரியாத சுற்றுலாக்காரனையும் வாங்குப் பலகையில் நெருக்கி உட்காரவைத்துப் பாடச் சொல்லுவார்கள். அங்கே வாய் திறக்காத ஒரே ஆள், குசினியில் மீன் பொரிக்கிற மன்னார்க்காரர் நீக்கிலாப்பிள்ளைதான்.

முன்பு அப்படியில்லை. அவர் பகிடி விட்டால் குசினியே சிரிப்பில் அதிரும். ஊரில் சண்டை முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகுதான் மனுசன் மரத்துப்போனார். வன்னியில் இருந்த தம்பி செபமாலையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. செத்ததைக் கண்டவருமில்லை, முகாமில் கண்டவருமில்லை. இப்போது கொதியெண்ணெய் கையில் தெறித்தாலும் 'ஆ' என்றுகூடச் சொல்லமாட்டார்.

மனைவி அக்னெஸ் மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"என்னப்பா, தம்பிக்கு என்னெண்டு குடுக்கிறது? சுகத்துக்கோ, ஆத்துமத்துக்கோ?"

சுகத்துக்கு என்றால் ஆள் உயிரோடிருக்கிறார். ஆத்துமத்துக்கு என்றால் செத்துப்போனார். "சுகத்துக்கு" என்று சொல்லிவிட்டு இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். வேறென்ன செய்வார், பாவம்! கூடப்பிறந்தவனைத் தன் வாயாலேயே சாகடிக்கவா முடியும்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பப்புக்கு நெடுநாளாக வந்துபோன கிழவர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுச் சனம் நேரே அங்கே வந்து இறங்கியது. ஒப்பாரி கிடையாது. சிரிப்பும் பாட்டும்தான். இதென்ன கூத்து, செத்தவீடா கலியாணவீடா என்று நீக்கிலாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பரிமாறுகிற ஷாந்தால் அவர் கையில் ஒரு கிளாசைத் திணித்தாள். ஒவ்வொருவரும் தங்களில் இறந்த ஒருவரின் பெயரைச் சொல்ல, எல்லோரும் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிக் குடிக்கவேண்டுமாம்.

"நிக்கோ, உன்னுடைய ஆள் யார்?" என்று கேட்டாள்.

இல்லையென்று தலையாட்டத்தான் நினைத்தார். வாய் முந்திக்கொண்டது.

"செபமாலை."

"செப்பாமாலே!" என்று கத்திக்கொண்டு மொத்தக் கூட்டமும் கிளாசை உயர்த்தியது. அழுகை வருமென்று நின்று பார்த்தார். வரவில்லை. மீன் கருகுகிற மணம் வரவே, குசினிக்குப் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"அக்னெஸ், நாளைக்குப் பூசைக்குப் பேர் குடுக்கிறியே?"

"ஓமப்பா. சுகத்துக்குத்தானே?"

"இல்லை. மற்றதுக்குக் குடு."

அக்னெஸ் போனிலேயே குழறி அழத் தொடங்கினாள். நீக்கிலாப்பிள்ளை அழாதை என்று சொல்லவில்லை. தன்னால் முடியாததை அவளாவது செய்யட்டும் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.