மேலே கறுப்பு, கீழே நுரை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். அதிலும் ஒன்றும் தெரியாத முட்டாள் இல்லை. அந்த வகை ஆளால் பெரிய கெடுதல் கிடையாது. நான் ஒரே ஒரு பாடத்தை மட்டும் நன்றாகப் படித்துவிட்ட முட்டாள். லென்ஸ் வழியாகப் போகும் உருவம் தலைகீழாக விழும் என்ற பாடம் அது. பி.எஸ்ஸி. பிசிக்ஸில் மூன்று வருடத்தில் எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது அது ஒன்றுதான். அதை வைத்து ஒருவனுடைய வாழ்க்கையைத் தலைகீழாக்கினேன்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் கல்லூரி. நான் பெரம்பலூர்க்காரன், ஹாஸ்டலில் இருந்தேன். கடைசி வருடத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். சேர்ந்து என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரே பஸ்ஸில் போய் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டோமே தவிர, மூவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது.

கேமரா அரியலூர் உள்ளூர்க்காரன் ஒருவனுடையது. பி.காம். படித்தான். மலேசியாவிலிருந்து வந்த அவன் மாமா, சாவி கொடுத்து ஓட்டுகிற சின்ன கேமரா ஒன்றையும் அதற்கான புரொஜக்டரையும் இரண்டே இரண்டு ஃபிலிம் ரோலையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். கேமராவை அவன் துண்டில் சுற்றி, இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைவான். நாங்கள் தொட்டால் துடைப்பான். நான் தொட்டால் இரண்டு முறை துடைப்பான்.

டைரக்டர் ஜெயங்கொண்டத்துக்காரன். என் வகுப்பு, என் பெஞ்சு. அவனுடைய அப்பா அங்கே முந்திரி மண்டி வைத்திருந்தார். மெட்ராஸில் சினிமா கற்றுத்தரும் இடத்தில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. மண்டியில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்து, கடைசியில் அப்பா இப்படி முடித்தார்: "ஒரு படம் எடுத்துக் காட்டு. பாக்குறேன். எனக்கு மனசுக்குப் புடிச்சா மெட்ராஸ் போ. இல்லாட்டி கடை." அவனும் சரி என்று சொல்லிவிட்டான். ஆக, இரண்டு ரோல் ஃபிலிமில்தான் அவனுடைய பிழைப்பு இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கதை எளிது. ஒரு குடியானவன் காய்ந்த நிலத்தில் கிணறு வெட்டுகிறான். தண்ணீர் வரவில்லை, கல்லாகிப்போன சங்கு ஒன்று வருகிறது. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் அப்படி நிறையக் கிடைக்கும். ஒரு காலத்தில் இது கடலாக இருந்தது என்பார்கள். அவன் சங்கைக் காதில் வைக்கிறான். நிமிர்ந்தால் அவனுக்குப் பின்னால், வானம் இருக்க வேண்டிய இடத்தில், கடல் எழுந்து வருகிறது. படம் முடிந்தது.

அந்தக் கடலைக் கொண்டுவரும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கினேன். தலைப்பு அட்டைகளையும் நான்தான் எழுதினேன். "தந்திரக் காட்சிகள்" என்று போட்டு, கீழே என் பெயரை டைரக்டர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். கேட்டதற்கு, பிரஷ் தடிமன் என்றேன்.

முதல் ரோலில் அட்டைகளும் கிணறு வெட்டுவதும் முடிந்தன. கடைசிக் காட்சிக்குப் பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் கரிசல் காட்டுக்குப் போனோம். பாளம் பாளமாக வெடித்த நிலம். குடியானவனாக நடித்தவன் எங்கள் ஹாஸ்டல் நண்பன். அவன் வீட்டில் எல்லோரும் கூலிக்கு வெட்டப் போகிறவர்கள் என்பதால் மண்வெட்டி பிடிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெயிலில் நிற்கத்தான் கசந்தது. கேமராக்காரனுக்கு எல்லாமே கசந்தது.

"உங்க ஊருக்கு ரயிலே இன்னும் வரல. கடல் மட்டும் வந்துருமாக்கும்" என்றான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே.

"உங்க ஊருக்கு ரயில் வருது. நிக்கிறதுதான் கம்மி" என்றேன்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்கடா" என்றான் டைரக்டர். அவன் அந்த இரண்டு மாதமாக வேறு வசனம் எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தந்திரம் இதுதான். கேமராவுக்கு முன்னால் மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி, அதில் மேல் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடிவிட வேண்டும். அப்போது நிலமும் ஆளும் ஃபிலிமில் விழும். வானத்தின் இடம் ஒளி படாமல் வெறுமையாக இருக்கும். பிறகு அதே ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, இந்த முறை கீழ்ப் பாதியை மூடிக்கொண்டு, மேல் பாதி வழியாகத் தண்ணீரைப் படம் பிடிக்க வேண்டும். வானத்தின் இடத்தில் கடல் வந்து உட்கார்ந்துவிடும். பழைய பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். முதல் பாதியைக் காட்டில் சரியாகவே செய்தேன். முட்டாள்களும் பாதி வேலையைச் சரியாகச் செய்வார்கள். அதனால்தான் மற்றவர்கள் அவர்களை நம்பிவிடுகிறார்கள்.

ஃபிலிமைத் திரும்பச் சுற்ற இருட்டு வேண்டும். சித்திரை மாதத்து உச்சிவெயிலில், இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கையாலேயே சுற்றினேன். வெளியே வந்தபோது என்னைப் பார்த்து நண்பன், "அவிச்ச பனங்கெழங்கு கணக்கா இருக்கடா" என்றான்.

இரண்டாவது பாதி, கேமராக்காரன் வீட்டுக் கொல்லையில். துணி அலசும் சிமெண்டுத் தொட்டிதான் கடல். நிறத்துக்குச் சொட்டு நீலம். அலைக்கு முறம். நுரைக்குச் சவுக்காரம். குடியானவனாக நடித்தவனே தொட்டிக்குப் பின்னால் குந்தி, முறத்தால் கடலைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கேமராக்காரனின் அம்மா எட்டிப் பார்த்தார்கள். "என்னாங்கடா எழவு இது? ஒரு மாசத்துச் சவுக்காரத்தக் கரைச்சு வச்சிருக்கீங்க?"

"கடலும்மா" என்றான் அவன்.

"அப்ப கடலயே பாத்துக்கிட்டு இரு. சோத்துக்கு உள்ள வராத."

நான் சட்டத்தில் அட்டையைப் பொருத்தப் போனேன். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பாடம் நினைவுக்கு வந்தது. உருவம் ஃபிலிமில் தலைகீழாக அல்லவா விழுகிறது? அப்படியானால் காட்டில் கீழ்ப் பாதியில் எடுத்த ஆள், ஃபிலிமில் மேல் பாதியில் இருப்பான். அவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அட்டையை மேலேதான் வைக்க வேண்டும். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பத்திரிகைக்காரன் கவனிக்காமல் விட்டதை நான் பிடித்துவிட்டேன்.

அட்டையை மேலே வைத்தேன்.

கேமராக்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான். "டேய், காட்டுலயும் மேலதான மூடுன? மறுக்காவும் மேலயே மூடுற? அப்புறம் கடல் எங்கேர்ந்து வரும்?"

"நீ பி.காம்."

"பி.காமுக்குக் கண்ணு இல்லியா?"

நான் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் லென்ஸ் வரைந்தேன். கதிர்கள் வரைந்தேன். தலைகீழாக ஒரு ஆள் வரைந்தேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு டைரக்டரிடம் திரும்பி, "நீ சொல்லு. இது உன் படம்" என்றான்.

டைரக்டர் தரையில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தான். அவனும் பிசிக்ஸ்தான். ஆனால் அந்தப் பாடம் நடந்த வாரம் பூராவும் அவன் ஜன்னல் வழியாக ஷாட் வைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமாடா?" என்று கேட்டான்.

"பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்டா."

"சரி, அவன் சொல்றபடி எடு" என்றான் கேமராக்காரனிடம். எனக்காக அவன் பேசியது அந்த ஒரு முறைதான்.

உருவம் தலைகீழாகும்போது அட்டையும் கூடவே தலைகீழாகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பார்க்கிற துவாரம் தனி, படம் பிடிக்கிற கண்ணாடி தனி என்பதால் கேமராவுக்குள் கண்ணை வைத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. சாவி கொடுத்தான். ஓடியது. முறம் அலை அடித்தது. நான் கைதட்டினேன்.

ரோல்கள் பம்பாய்க்குத் தபாலில் போய், கழுவி, திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எடுத்த ஃபிலிமே படமாகத் திரும்பி வரும் வகை அது. வேறு பிரதி கிடையாது. அதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. ரோல்கள் கைக்கு வந்தபோது மெட்ராஸ் விண்ணப்பத்துக்கு நாலே நாள் பாக்கி. முன்கூட்டிப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல், மறுநாள் மதியமே கேமராக்காரன் வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களை அதே கம்பளிகளால் மூடி, சுவரில் வேட்டியைக் கட்டினோம். டைரக்டரின் அப்பா ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் முந்திரித் தூசு இருந்தது. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். டைரக்டர் அவருக்குப் பின்னால் நின்றான்.

முதல் ரோல் நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து மண் கூடை மேலே வரும் இடத்தில் அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இந்த வேல கஷ்டந்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்னால் நின்றவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் பெயர் வந்த அட்டை மட்டும் தேவைக்கு மேல் தெளிவாக விழுந்திருந்தது.

இரண்டாவது ரோல். குடியானவன் சங்கைக் காதில் வைத்தான். அவன் தலைக்கு மேல் வானமும் இல்லை, கடலும் இல்லை. தார் பூசிய மாதிரி கறுப்பு. கீழே, அவன் மேலேயே, சவுக்கார நுரை பொங்கியது. அவன் உடம்புக்குள்ளே அலை அடித்தது. நெஞ்சில் ஒரு முறம் வந்து வந்து போனது. அவன் மட்டும் எதுவும் நடக்காதவனைப் போலக் கம்பீரமாகத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புரொஜக்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். தொவச்சுப் போட்டுட்டான்" என்றான் நடித்தவன்.

"கடல்னு சொன்னியேப்பா. எங்க?" என்று அப்பா மகனைக் கேட்டார். கேலியாக இல்லை. நிஜமாகவே தேடினார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. நிலைமை மோசமானால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"கடல் வந்துருச்சுங்க. வானத்துக்குத்தான் பஸ் கெடைக்கல" என்றேன்.

அப்பா சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு நாற்காலி ஆட, கண்ணில் நீர் வர. சிரித்துச் சிரித்து எழுந்து, மகன் தோளைத் தட்டினார். "நல்லா சிரிச்சேன்டா தம்பி. திங்கக்கெழம கடைக்கு வந்துரு." என்னிடம் கும்பிட்டு விடைபெற்றுப் போனார்.

அவர் கோபப்பட்டிருந்தால் மகன் சண்டையாவது போட்டிருப்பான். சிரித்தவரிடம் என்ன சண்டை போடுவது? அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் நான். கேமராக்காரன் ஜன்னல் கம்பளிகளை ஒவ்வொன்றாக இறக்கினான். என் பக்கம் வந்ததும், "வூட்ட வுட்டுக் கெளம்பு" என்றான். டைரக்டர் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ரோலைப் பெட்டியில் போட்டு, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, வெளியே போனான்.

இரண்டு மாதம் கழித்துக் கேமராக்காரனிடம் கெஞ்சினேன். தீபாவளிக்கு வரும் மாமாவிடம் ஒரு ரோல் கேட்பதாகச் சொன்னான். "ஒரு கண்டிசன். நீ அந்தப் பக்கம் தல காட்டக் கூடாது." ஒத்துக்கொண்டேன். அந்தச் செய்தியோடு ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தேன். நடுவில் மூன்று ஜோக்கும் வைத்திருந்தேன்.

மண்டியில் அவன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்பாவுடைய அதே மாதிரி வெள்ளைச் சட்டை. பருப்பை ரகம் ரகமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான், மறுபடி குனிந்துகொண்டான்.

ஜோக் ஒன்றும் வரவில்லை. "டேய், ரோல் வருதுடா" என்றேன். "கடைசிக் காட்சிய மறுபடி எடுத்துரலாம். அடுத்த வருசம் விண்ணப்பம் போடு. நான் எதையும் தொட மாட்டேன். பக்கத்துலயே வர மாட்டேன். அட்டைய நீயே புடி. கேக்குதாடா?"

அவன் கையைத் தட்டி உதறிவிட்டு, தராசுத் தட்டில் படிக்கல்லை எடுத்து வைத்தான்.

"எத்தன கிலோ வேணும், சொல்லுங்க."