மச்சினனின் கேசட்

என் மனைவியின் தம்பி ஈராக்கில் வேலை பார்த்தான். அங்கே அப்போது போர். கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து கேசட் அனுப்புவான். முந்தின லீவில் அவன் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைச் சுற்றித் தெருவே கூடிவிடும்.

“சைரன் ஊதுனா ஜன்னல் பக்கம் நிக்க மாட்டேன்க்கா. பாஸ்போர்ட்டை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் படுக்கேன்.”

மனைவி அழுதாள். கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அவனுக்கு அனுப்பக் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருடமாக விசைத்தறிமுன் நிற்கிறேன், எனக்காக ஒரு சூடம் கொளுத்தியிருப்பாளா?

“நேத்து தறியில ஓடுற நாடாக்கட்டை தெறிச்சு என் காதைக் கிழிச்சிட்டு” என்று பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினேன்.

“கொஞ்சம் சும்மா இருங்க. பின்னால குண்டுச் சத்தம் கேக்குதான்னு பாக்கேன்” என்று டேப்பில் காதை வைத்தாள்.