யசவதியின் கரி வயர்

"பொனட்டத் தொறங்க மாத்தயா. வாயப் பாக்காம பல்லுக் கட்டுவாங்களா?"

வயர் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் யசவதி முதலில் சொல்வது இதைத்தான். வண்டியைக் காட்டாதவருக்கு வயர் கிடையாது.

பழைய கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் என் பேரிங் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. பழைய கார்களின் பிளக் வயரைத் தவிர வேறெதுவும் விற்கமாட்டாள். காதில் பென்சில், கையில் பாதி தின்ற மீன் பணிஸ், மேசையில் ஒரு பாட்டரி ரேடியோ. அதில் அவள் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் வைப்பாள். ரேடியோ கரகரத்தால் வயர் பிழை.

போன புதன்கிழமை வெத்தசிங்க மாத்தயாவின் மொறிஸ் மைனர் இருமிக்கொண்டே வந்து நின்றது. அறுபது வயதுக் காருக்கு மனிதர் ஆசையாக, பொறி கிளப்பும் பழைய பொயின்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் பெட்டி பூட்டியிருந்தார். அதற்குச் சுத்தச் செம்பு வயர் விற்றவர் எதிர்க்கடை லயனல் முதலாளி. சனிக்கிழமை அவரோடு பழைய கார்க்காரர் எல்லோரும் ஊர்வலமாகக் கண்டிக்குப் போகிறார்கள். வழியில் கடுகண்ணாவ மலையேற்றம் இருக்கிறது.

யசவதி ரேடியோவை வைத்தாள். சட்டியில் கடுகு போட்ட மாதிரி வெடித்தது.

"செம்பு வயர் ஊருக்கே கத்தும் மாத்தயா. பழைய பொயின்டுக்குக் காது கேக்காது, தப்பிச்சுது. இந்தப் புதுப் பெட்டி எல்லாத்தையும் கேட்டுக் கொழம்புது. இதுக்குக் கரி வச்ச வயர்தான் வேணும்."

"அடுப்புக்கரிய வயரெண்டு விக்கிறா!" லயனல் தெருவுக்கே கேட்கக் கத்தினார். "யசவதி, செம்பு இருக்க எந்த மடையன் கரி வாங்குவான்? வண்டி ஏத்தத்துல நிக்கும், பாரு!"

"நிண்டா என்ட கடப் போர்டக் கழட்டி ஒங்களுக்கே தாறன், லயனல் அண்ணே. அத வச்சு அடுப்பெரிங்க!"

புருஷன் செத்த வருடம் தன் பெயரைத் தானே எழுதி மாட்டிய போர்டு அது. இந்த வாய்க்கு ஒரு பூட்டு இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ ஐந்து கரி வயரையும் மீட்டரில் பார்த்து, அளந்து வெட்டி, ஒவ்வொன்றாக மாற்றினாள். ஐந்தாவது ஏறியதும் ரேடியோ அடங்கியது. ஆனால் தெருவில் நிற்கிற கார் வேறு, ஏற்றத்தில் திணறுகிற கார் வேறு. அது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை அவள் எதையும் தின்னவில்லை. லயனல் போர்டு கழற்றத் தன் வாசலில் ஏணியைச் சாத்தி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு யசவதியின் போன் அடித்தது. வெத்தசிங்க மாத்தயா.

"ஏறிட்டம் யசவதி! ஒரு இருமல் இல்ல! நான்தான் முன்னுக்கு, மத்தவங்க இன்னும் வந்துகொண்டிருக்காங்க!"

நான் கல்லாவை விட்டு எழுந்து கைதட்டியே விட்டேன்.

"எஞ்சின நிப்பாட்டாதீங்க மாத்தயா. போன அதுக்கிட்டப் புடிங்க," என்றாள் யசவதி.

சத்தத்தை முழுதாகக் கூட்டினாள். பஸ்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்கத் தெருவைக் கடந்துபோய், போனை லயனல் முதலாளியின் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.